மேல் பொத்தான்

தண்டபாணி தன் மனைவி சம்பூரணத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுவண்டி நின்றது. பச்சைத் துணி போர்த்தி, மூக்குத்தியைக் கழற்றிவிட்ட இடத்தில் ஒரு பொட்டு வெளுப்புத் தெரிய, அவள் படுத்திருந்தாள். "ஏனுங்க, தோசை மாவ வெளியவே வச்சுட்டு வந்துட்டேன், பொங்கி மேடையெல்லாம் வழிஞ்சிருக்கும், போனதும் எடுத்து பிரிட்ஜுல வைங்க" என்றாள். நெஞ்சைத் திறக்கப் போகிற நேரத்தில் மாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று தண்டபாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். சிரித்ததாகத்தான் நினைத்தார். அவள் பார்வை முகம் வரைக்கும் வரவே இல்லை, கழுத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ வந்து நின்றது, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு வண்டி தள்ளுகிறவனிடம் "செரி, போலாந்தம்பி" என்றாள். கதவு இரண்டு பக்கமும் ஆடி நின்றது. அப்புறம் கை கழுவப் போன இடத்தில் சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். மாவை நினைத்து அதே சிரிப்பைச் சிரித்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த ஆள் சிரிக்கவில்லை. கடன்காரனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முகத்தைத்தானே அவள் உள்ளே கொண்டு போயிருப்பாள், பார்க்கப் பிடிக்காமல்தானே பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டாள். அவள் வெளியே வந்ததும் சொல்லிவிடலாம், நான் சிரிச்சேன் சம்பூரணம், மூஞ்சிதான் சிரிக்கல என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அவள் வெளியே வரவில்லை. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, இதயம்தான் மறுபடி ஓட மறுத்துவிட்டது என்றார்கள். அந்தக் கதவு ஆடி நிற்பதை எத்தனை முறை பார்த்துவிட்டார், குளிக்கும்போது, டீவி பார்க்கும்போது, சும்மா ஒரு வாசலில் நிற்கும்போது, இதோ இப்போதுகூட. இது ஆபரேஷன் தியேட்டர் இல்லை, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம், கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டார்கள், ஆனால் கால் வரமாட்டேன் என்கிறது. நிலைப்படிக்கு முன்னால் இரண்டு பாதமும் பசை தடவியதுபோல ஒட்டிக்கொண்டுவிட்டன. பின்னால் நிற்கிற மகள் பூங்கொடி, "மெதுவாப்பா, அவசரமே இல்ல" என்கிறாள். அவசரம் இல்லை என்று சொன்னாலே கால் இன்னும் இறுகும் என்பது அவளுக்குத் தெரியாது. தரையைப் பார்த்தார். ஒரு சேலையை விரித்துப் போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டார், அரக்குச் சேலை, சாண் அகலத்துக்குப் பச்சைக் கரை, கரையை மிதித்தால் ஜவுளிக்கடை முதலாளி கத்துவார். கரையைத் தாண்டக் காலைத் தூக்கினார். கால் வந்துவிட்டது.

ஆடி மாசம் கல்யாணம் கிடையாது என்பதால்தான் இந்தப் பெரிய கூடம் கிடைத்தது. மற்ற மாதங்களில் மாடியில், மாப்பிள்ளை வீட்டார் பெட்டி வைக்கிற அறையில், முழங்கால் முழங்காலில் இடிக்க உட்கார்ந்து ஆடவேண்டும். ஆடுவது என்றால் ஆட்டமா அது. பார்க்கின்சன் வந்தவர்களுக்கு நடன வகுப்பு என்று பூங்கொடி முதலில் சொன்னபோது, கை ஏற்கெனவே ஆடிக்கொண்டுதானே இருக்கிறது, அதற்கு வகுப்பு வேறா என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார், அவள் முகம் சுருங்கிவிட்டது, கோபமாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டாள். இப்படித்தான் ஆகிறது. குரலும் ஒரே மட்டத்தில் தரையோடு போகிறது, முகமும் அசைவதில்லை, என்ன சொன்னாலும் திட்டுவதுபோல விழுகிறது. முப்பத்தைந்து வருஷம் ஜவுளிக்கடையில் முகத்தை வைத்துத்தான் பிழைத்தார். வாங்கம்மா, உக்காருங்கம்மா, வாங்கறது வாங்காதது அப்பறம், பாருங்க சும்மா, என்று சிரித்தால் எழுந்து போக வந்தவளும் உட்கார்ந்துவிடுவாள். கடைசி வருஷம் முதலாளி கூப்பிட்டு, "ஏப்பா தண்டபாணி, வூட்ல ஏதாச்சும் பிரச்சினையா? உன்ற மூஞ்சியப் பாத்து மூணு பேரு பக்கத்துக் கவுண்டருக்குப் போயிட்டாங்க" என்றார். பிரச்சினை எதுவும் இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது, டாக்டருக்கே சம்பூரணம் போன மறு வருஷம்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் அந்த முகத்தோடு ஒன்றரை வருஷம் அவள் ஒரே வீட்டில் இருந்தாள். அந்த ஒன்றரை வருஷத்தில் அவள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிட்டாள் என்றுதான் அவருக்குப் பட்டது. பேசும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள், காலரில் அழுக்கைத் தேடுகிறவள்போலக் கழுத்தையே பார்த்துப் பேசினாள். சட்டையைக்கூடக் கவனிக்கவில்லை. ரவிக்கை ஊக்கு ஒன்று தளர்ந்தால் அன்றைக்கே தைக்கிறவள், அவர் சட்டையில் மேல் பொத்தான் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சும்மா இருந்தாள். "மேல் பட்டன் இல்லியே சம்பூரணம்" என்று கேட்டதற்கு, "அது எதுக்கு, மூச்சு முட்டறதுக்கா?" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். கடுகடுவென்று இருக்கிறவனுக்கு எதற்குப் பொத்தான் தைக்கவேண்டும். நியாயந்தானே.

இன்றைக்கு அப்படி ஒரு சட்டையைத்தான் போட்டு வந்திருக்கிறார். ஆடிக் காற்றும் சாரலுமாகத் துணி காயவில்லை. பூங்கொடி வாங்கித் தந்த புதுச் சட்டைகள் எல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்க, பீரோவின் அடித்தட்டிலிருந்து பழசை எடுத்தாள். எப்போதும் அவள்தான் அவருக்குப் பொத்தான் போடுவாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோலக் கழுத்து வரைக்கும். "மேல் பட்டன் இல்லியேப்பா, ஊக்குக் குத்தட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றார். இன்றைக்கு ஒருநாள்தானே. அவர் தீர்மானித்துவிட்டார், இது கடைசி வகுப்பு, அடுத்த வாரத்திலிருந்து வருவதில்லை, பூங்கொடியிடம் இன்னும் சொல்லவில்லை. காரணம் இதோ எதிரே, வட்டத்தில் நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அற்புதராஜ். பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டியவர், உயரமான ஆள், முதல் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு எந்தக் கைங்க? எனக்கு வலது" என்று பேச்சை ஆரம்பித்தவர். சம்பூரணம் போனபிறகு அவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதம். அதுவும் போயிற்று. ஒருநாள் வகுப்பு முடிந்து காப்பி கொடுத்தபோது அற்புதராஜின் கை ஒரு துள்ளுத் துள்ளி, டம்ளர் காப்பி முழுக்கத் தண்டபாணியின் புதுச் சட்டையில் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. "பரவால்லீங்க" என்றார் தண்டபாணி. நிஜமாகவே பரவாயில்லை. அந்த ஆள் சங்கடப்படக் கூடாதே என்று, நூறு சேலையை விரிக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கைக்குட்டை வாங்கிப் போன அம்மாளின் கதையைச் சொன்னார். கடையில் எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்த கதை. அற்புதராஜ் அதைக் கல்லுப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கோடு அசையவில்லை. அடுத்த இரண்டு வாரம் வரவே இல்லை. பிறகு வந்தார், தள்ளி உட்கார்ந்தார். அவருடைய மனைவி எஸ்தர்கூடச் சுவரோரம் பெஞ்சில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, வாங்கண்ணா என்று ஒரு சொல் சொல்லுவதோடு சரி. காப்பியைக் கொட்டியது அவர், கோபமும் அவருக்கா. அந்தக் கல்லு முகம். அதைப் பார்க்கும்போதெல்லாம் தண்டபாணி பார்வையைக் கீழே இறக்கிக்கொள்கிறார். இப்படித்தானே இருந்திருக்கும் சம்பூரணத்துக்கும். ஒன்றரை வருஷம் இதைத்தானே சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கையைத் தூக்குங்க, மழை வாங்கற மாதிரி" என்கிறாள் வைதேகி. பரதம் படித்த பெண், கால் கட்டை விரலால் தரையைத் தட்டித் தாளம் சொல்லிக்கொண்டே வட்டத்துக்குள் நடக்கிறாள். தா, தை, தா, தை. தாளம் விழுந்தால் கை கொஞ்சம் பேச்சுக் கேட்கிறது. அது ஏன் என்று தெரியவில்லை, நடுக்கம் எங்கோ ஓரமாகப் போய் நின்றுகொள்கிறது, கூப்பிட்டால் வரலாம் என்பதுபோல. ஜன்னலில் சாரல். தரையில் பழைய பந்திகளின் எண்ணெய் இன்னும் போகவில்லை, கழுவிக் கழுவியும் லேசாகச் சாம்பார் வாசனை. பூங்கொடியின் கல்யாணப் பந்தியும் இப்படி ஒரு கூடத்தில்தான். சம்பூரணம் கடைசிப் பந்தியில் அவரை இழுத்து உட்காரவைத்து, பாயசத்தைத் தன் இலையிலிருந்து தள்ளினாள். அப்போது அவர் முகம் நன்றாக இருந்தது. அந்த முகத்தை நினைத்துக்கொண்டு அவள் உள்ளே போயிருக்கக் கூடாதா. மனுஷர்களுக்குக் கடைசியாகப் பார்த்ததுதான் நிற்குமா, நிறைய நாள் பார்த்தது நிற்குமா. யாரைக் கேட்பது. "இப்ப உங்க வேலையில இருந்து ஒரு அசைவு குடுங்க, நாங்க எல்லாரும் திருப்பிச் செய்யறோம்" என்கிறாள் வைதேகி. ஒரு டீச்சரம்மா கரும்பலகையை அழித்தார்கள், வட்டம் முழுக்க அழித்தது. அற்புதராஜ் லேத்தின் சக்கரத்தைச் சுற்றினார், எல்லோரும் சுற்றினார்கள், தண்டபாணியும் சுற்றினார், அவரைப் பார்க்காமல். தன் முறை வந்தபோது சேலையை எடுத்து உதறி விரித்தார். அந்த உதறல் மட்டும் இன்னும் கையில் இருக்கிறது. மணிக்கட்டில் ஒரு சுண்டு, துணி காற்றில் எழும்பிப் படிய ஒரு பொறுமை. பதினைந்து நடுங்குகிற கைகள், இல்லாத சேலைகளை விரித்தன. கூடம் முழுக்கச் சேலையாக இருந்தது அவருக்கு. "அடடா சார், அரங்கேற்றம் வெச்சிரலாம்" என்றாள் வைதேகி. சிரிப்பு வந்தது. வந்து எங்கே போயிற்றோ.

பிறகு அவள் செய்ததுதான் வினை. "இப்ப கண்ணாடி. ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிர உக்காருங்க. ஒருத்தர் செய்யறத இன்னொருத்தர் கண்ணாடி மாதிரி செய்யோணும்" என்று சொல்லிவிட்டு, அவர் பயந்தபடியே, "தண்டபாணி சாரும் அற்புதராஜ் சாரும்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். முழங்காலுக்கு முழங்கால் இரண்டடி. கண்ணாடி. அந்தக் கை கழுவுகிற இடத்துக் கண்ணாடிதான் திரும்ப வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறது, இந்த முறை இன்னொருவன் முகத்தை மாட்டிக்கொண்டு. பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் விளையாட்டு நடக்காது. தா, தை. அற்புதராஜ் வலது கையைத் தூக்கினார், இவர் இடது கையைத் தூக்கினார். அவர் தோளைத் தொட்டார், இவர் தொட்டார். அவர் கை மெதுவாக இறங்கி, விரல்கள் வளைந்து, எதையோ பிடித்ததுபோல நின்றது. இவர் விரல்களும் வளைந்து எதையோ பிடித்தன. என்ன அது. டம்ளர். அற்புதராஜ் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார், ஊதினார், நடுக்கத்தை வேண்டுமென்றே பெரிதாக்கினார், தளும்பத் தளும்ப அந்த இல்லாத டம்ளரைத் தூக்கித் தண்டபாணியின் சட்டையில் கவிழ்த்தார். முகம் அதே கல். கண்ணாடி என்றால் கண்ணாடிதான், தண்டபாணியின் கையும் ஊதிய டம்ளரை எடுத்து வந்து, தளும்பத் தளும்ப, அந்த ஆளின் மடியில் கவிழ்த்தது. அற்புதராஜ் மறுபடியும் கவிழ்த்தார், இவரும் கவிழ்த்தார். தொண்டைக்குள் ஏதோ குதித்தது. பெஞ்சிலிருந்து எஸ்தர் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஐயோ, இங்க வந்து பாரு அம்மணி, ரெண்டு பேரும் என்ன சிரிப்புச் சிரிக்கறாங்கன்னு!"

"யாருங்கம்மா சிரிக்கறாங்க?" என்று வைதேகி இரண்டு கல் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவங்கதான். இவரு காதப் பாரு. சிரிப்பு வந்தா காது ரெண்டும் பின்னால இழுத்துக்கும், அது ஒண்ணுதான் மிச்சம் இருக்குது, அத வெச்சுத்தான் நான் குடும்பம் நடத்தறேன்" என்றாள் எஸ்தர். தண்டபாணி பார்த்தார். நிஜம். பெரிய காதுகள், மடல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தன, முகத்தில் நடக்காததெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது. "அண்ணனுக்குத் தொண்டைங்க. குரவளை ரெண்டு தாவு தாவி நிக்குது பாருங்க. ஏனுங்கண்ணா, இத்தன நாளும் கழுத்து வரைக்கும் பட்டனப் பூட்டிக்கிட்டு வந்தா எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? புதுச்சட்டையில காப்பியக் கொட்டிட்டேன், மனுசன் மூஞ்சியவே மாத்திக்கிட்டாரு, நான் அங்க வரமாட்டேன்னு இவரு ரெண்டு வாரம் படுத்தி எடுத்துட்டாரு." அற்புதராஜ் அந்தத் தரையோடு போகிற குரலில், "கைக்குட்டைக் கதைக்கு நான் எவ்வளவு சிரிச்சேன் தெரியுங்களா? நீங்க பாட்டுக்கு மொறைச்சுக்கிட்டே நின்னீங்க" என்றார். "நீங்கதானுங்க மொறைச்சீங்க" என்றார் தண்டபாணி. "நானா?" "பின்ன நானா?" வைதேகி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள், அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பைத்தியக்காரத்தனம். தன் முகம் செத்துப்போனது தனக்குத் தெரியும், எதிரே இருக்கிறவனுக்கும் அதே நோய்தான், அதற்காகத்தானே இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள், இருந்தும் அவன் முகத்தை மட்டும் நம்பிவிட்டாரே. அற்புதராஜும் அப்படியே நம்பியிருக்கிறார். ஒரு காதைப் பார்க்கத் தெரியவில்லை. எஸ்தருக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே இருக்கிறவளுக்குத் தெரியும். கூடவே இருக்கிறவள் முகத்தை விட்டுவிட்டு, எங்கே மிச்சம் இருக்கிறது என்று தேடி, கண்டுபிடித்து, அப்புறம் அங்கேதான் பார்ப்பாள்.

அங்கேதான் பார்ப்பாள். தா, தை என்று வைதேகி மறுபடி ஆரம்பித்துவிட்டாள், கை தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, தண்டபாணி அங்கே இல்லை. பச்சைத் துணி, மூக்கில் வெளுப்பு, தோசை மாவு. அவள் பார்வை கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கழுத்துக்குப் பக்கத்தில் இல்லை, கழுத்தில். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, காத்திருந்தது, அவர் சிரித்தார், தொண்டை இரண்டு தாவு தாவியிருக்கும், பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டுத்தான் "செரி, போலாந்தம்பி" என்றாள். அவருக்குச் சிரிப்புக் காட்டத்தான் மாவுக் கதையையே எடுத்தாளோ என்னவோ. செரி என்று சொன்னபோது அவள் வாயோரம் கொஞ்சம் இளகியது, அது அவருக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது, மற்றதோடு பொருந்தாததால் இத்தனை வருஷமாக அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். இப்போது அது தானாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே, கட்டிலில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் கழுத்தைப் பார்த்தாள். அழுக்கைத் தேடவில்லை. அவரைத்தான் தேடினாள். அவர் விரலை மெதுவாகக் காலருக்குக் கொண்டுபோனார். நடுங்கிக்கொண்டே போயிற்று, போய்ச் சேர்ந்தது. மேல் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தைத் தடவினார். வழவழவென்று இருந்தது. முப்பத்தைந்து வருஷம் துணி தொட்ட விரல், இதைப் போய் இத்தனை நாள் தொட்டுப் பார்க்கவில்லையே. தானாக விழுந்த பொத்தான் நூலை விட்டுவிட்டுப் போகும், பிசிறாவது இருக்கும், துணி கொஞ்சம் இழுபட்டிருக்கும். இங்கே ஒரு இழைகூட இல்லை. ஊசி முனையால் நூலை ஒவ்வொன்றாக எடுத்து, தைத்த சுவடு தெரியாமல் துணியை நீவிவிட்டிருக்கிறாள். அவள் தையல் டப்பாவில் ஒரே நூலில் கோத்த வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள் கிடந்ததை அவள் போனபிறகு பார்த்தார், தைக்கலாம் என்று எடுத்துவைத்துத் தைக்காமலே போய்விட்டாள் என்று நினைத்தார், அதற்குக்கூட ஒருநாள் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்க மூஞ்சி சிரிக்கறதில்லீங்க என்று சொன்னால் மனுஷன் ஒடிந்துபோவான் என்று சொல்லாமல், பொத்தானை எடுத்துவிட்டு, மூச்சு முட்டறதுக்கா என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள், கெட்டிக்காரி.

"என்னங்க, அழுவறீங்களா சிரிக்கறீங்களா?" என்று அற்புதராஜ் குனிந்து கேட்டார். கேட்டவர் முகத்தைப் பார்க்கவில்லை, தண்டபாணியின் தொண்டையைப் பார்த்துக் கேட்டார். அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார். "தெரியலீங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் தண்டபாணி. அற்புதராஜ் கண்ணைச் சுருக்கி, லேத்தில் கடைந்த துண்டை அளந்து பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். "சிரிக்கறீங்க" என்றார். காது பின்னால் போயிற்று. எஸ்தர் பிளாஸ்க்கைத் திறந்து, முக்கால் டம்ளருக்கு மேல் யாருக்கும் கிடையாது என்று சொல்லி ஊற்றினாள். வெளியே சாரல் விட்டிருந்தது. வாசலில் பூங்கொடி குடையை மடக்கிக்கொண்டு நின்றாள், எழுந்து அவளை நோக்கி நடந்தார், நிலைப்படியில் சேலையை விரிக்க மறந்துவிட்டார், வெளியே வந்தபிறகுதான் அது ஞாபகம் வந்தது. "அடுத்த வாரமும் இந்தக் கூடந்தானே? வகுப்பு உண்டுதானே?" என்று கேட்டார். "ஆடிதானப்பா இன்னும், உண்டு" என்றாள். "புதுச் சட்டையெல்லாம் நாளைக்குக் காஞ்சிரும்" என்றும் சொன்னாள். அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஈரக் காற்று கழுத்தில் படப் போய்க்கொண்டிருந்தார். சம்பூரணம் இருந்த காலத்துச் சட்டைகளில் இதோடு சேர்த்து மூன்று மிச்சம் இருக்கின்றன. மூன்றிலும் மேல் பொத்தான் இல்லை.